பதினாறு வயதில் விழும் வீரர்கள்: ஊவாத் தோட்டங்களில் பொன்னர் சங்கர்

மார்க்கண்டேயனுக்கு விதித்த ஆயுள் பதினாறு. சக்கர வியூகத்துக்குள் மாண்டபோது அபிமன்யுவுக்கும் வயது பதினாறு. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் வீரப்பூர்க் காட்டில் விழுவதும் அதே வயதில்தான். மார்க்கண்டேயனைச் சிவன் காப்பாற்றினார். மற்றவர்களைக் காப்பாற்ற யாரும் வரவில்லை. இவற்றில் கடைசிக் கதை, தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு கடல் தாண்டி இலங்கை மலைகளுக்கு வந்து, அங்கே கூத்தாக வேர்விட்டது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றையும் மலையகத் தமிழரின் முதன்மைக் கூத்துகள் என்று ஆய்வாளர்கள் சொல்வது வழக்கம். காமன் கூத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். பொன்னர் சங்கரை இளவயது வீரர்களின் கதையாக எடுத்துக்கொண்டு பேசியவர்கள் குறைவு.

இன்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உலகத் தொலைக்காட்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கதைவகை செல்வாக்கோடு இருக்கிறது. பேராற்றல் படைத்த வீரன் ஒருவன் வீரனாவதற்கு முன்னால், பள்ளிக்கூடம் போகும் வயதில் எப்படி இருந்தான் என்று வாரவாரம் சொல்லிப்போகும் தொடர் அது. பதுளையிலும் பண்டாரவளையிலும் வளரும் பிள்ளைகள் இன்று கைபேசியில் பார்க்கும் வீரர்களில் பலர் அந்த வார்ப்பில் பிறந்தவர்களே. அந்தப் பிள்ளைகளின் பாட்டனார்கள் விடிய விடிய உட்கார்ந்து பார்த்ததும் இளவயது வீரர்களின் கதைதான். ஆனால் இரண்டுக்கும் காலக்கணக்கு வேறு. தொலைக்காட்சி வீரனுக்கு இளமை என்பது பின்னால் வரப்போகும் பெருவாழ்வுக்கு ஆயத்தம். பொன்னருக்கும் சங்கருக்கும் அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தோட்டத்து மக்கள் இந்தக் கதையை இறுகப் பிடித்துக்கொண்டதற்கு அந்த வேறுபாடுதான் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் தொலைக்காட்சி வீரனைப் பார்த்துவிடலாம். இந்த வகையில் மிக நீண்டு ஓடிய அமெரிக்கத் தொடர் 'ஸ்மால்வில்'. 2001 அக்டோபரில் தொடங்கி 2011 மே மாதம் முடிந்தது. பத்துப் பருவங்கள், 217 பகுதிகள். சூப்பர்மேனாகப் போகிற கிளார்க் கென்ட் கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு விவசாயக் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளையாக வளர்வதுதான் கதை. அல்ஃப்ரெட் கோஃபும் மைல்ஸ் மில்லரும் அதை உருவாக்கினார்கள். தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடும் விதித்துக்கொண்டார்கள்: வீரன் பறக்கக் கூடாது, அந்த நீலமும் சிவப்புமான உடையை அணியக் கூடாது. பத்தாண்டு காத்திருந்த பார்வையாளர்களுக்குக் கடைசிப் பகுதியின் கடைசி நிமிடங்களில்தான் அந்த உடையில் அவனைக் காணக் கிடைத்தது. தொடர் முழுவதையும் இழுத்துப்போனது அந்தக் காத்திருப்பு. அவன் யாராக வரப்போகிறான் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். 1938இலேயே ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அதைச் சித்திரக் கதையாகப் போட்டுவிட்டார்கள்.

முதல் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. மூத்த மாணவர்கள் கிளார்க்கைப் பிடித்து, சோளக்காட்டு நடுவே வெருளி கட்டும் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அவன் கழுத்தில் கிடக்கும் பச்சைக் கல் அவனுடைய வலுவை உறிஞ்சிவிடுகிறது. வயலில் தொங்குகிற அந்தப் பையனைப் பார்க்கும்போது, பேராற்றல் என்பது எவ்வளவு எளிதில் முடங்கிவிடும் என்று புரிகிறது. இன்னொரு செய்தி மலையக வாசகர்களை வேறுவிதமாகத் தொடும். விண்ணிலிருந்து வந்த குழந்தையை வைத்துக்கொள்ள கென்ட் தம்பதிகளிடம் ஒரு தாள் இல்லை. பெரும் பணக்காரன் லயனல் லூதர் தத்தெடுப்புப் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்து கொடுக்கிறான். அந்தக் கடன் பின்னால் குடும்பத்தின் கழுத்தை நெரிக்கிறது. மலையைத் தூக்கக்கூடிய பிள்ளைக்கும் இந்த மண்ணில் இருக்க ஒரு பத்திரம் வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி நம் கதைக்கு வருவோம்.

அண்ணன்மார் கதை காவிரிக்கரைக் கொங்கு நாட்டுக்கும் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் உரியது. மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் இன்றும் மாசி மாதத்தில் அவர்களுக்குப் பெருந்திருவிழா நடக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிமார் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்தே மக்களைக் கூட்டிவந்தார்கள். ஆகவே உடுக்கடித்து அண்ணன்மார் பாடுகிறவர்களும் அந்தக் கூட்டத்தோடு வந்ததில் வியப்பில்லை. மன்னார்க்கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறியவர்கள் கையில் கொண்டுவந்த சொத்து மிகக் குறைவு. நினைவில் கொண்டுவந்தது மிக அதிகம்.

பதுளையும் பண்டாரவளையும் அடங்கிய ஊவாவுக்கு ரயில் தாமதமாகத்தான் வந்தது. 1894இல் பண்டாரவளை வரை வந்த பாதை, பதுளையைத் தொட்டது 1924இல். அந்த முப்பது ஆண்டுகளும் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்கள் உலகத்திலிருந்து வெகுதூரத்தில் கிடந்தன. தோட்டம் என்பது ஒரு மூடிய உலகம். துரை பங்களா மேலே, தொழிற்சாலை நடுவே, லயங்கள் கீழே. வெளியிலிருந்து வேடிக்கை கொண்டுவர யாரும் இல்லாத இடத்தில், மாரியம்மன் கோயிலுக்கு முன்னாலிருந்த பொட்டலே அரங்கமாயிற்று. கோயிலுக்கென்று பேருக்கு இவ்வளவு என்று பிடித்த பணத்திலிருந்து திருவிழாச் செலவு நடந்தது. பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர் இரவில் பொன்னராவார், முள்ளுக்குத்துகிறவர் சங்கராவார், மீசையை மழித்துவிட்டுச் சேலை கட்டிக்கொண்டு வருகிறவர் தங்காள். இவர்களைப் பழக்கும் வாத்தியாருக்குத் தோட்டத்தில் தனி மரியாதை இருந்தது. கதை அவர் நெஞ்சில் இருந்தது. கொஞ்சம் கொப்பியிலும் இருந்தது.

கதையின் இளமைப் பகுதியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். குன்றுடையானுக்கும் தாமரைக்கும் நெடுநாள் பிள்ளையில்லை. தாமரை கடுந்தவம் இருந்து சிவனிடம் வரம் வாங்குகிறாள். வரத்திலேயே முடிவும் எழுதப்பட்டிருக்கிறது: ஆண் பிள்ளைகள் இருவர், ஆயுள் பதினாறு. பங்காளிகளோ ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடும்படி மருத்துவச்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிறந்த இரட்டையர்கள் இரகசியமாக நிலத்தடிச் சுரங்கவழியே கொண்டுசெல்லப்பட்டு, செல்லாத்தாள் கோயிலுக்கடியில் தெய்வத்தின் பராமரிப்பில் ஐந்து வயது வரை வளர்கிறார்கள். பெற்றவளுக்கே அது தெரியாது. வெளியே வந்தபின் இருவரின் குணமும் இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. மூத்த பொன்னர் பொறுமைசாலி, பேச்சு மெல்லியது. இளைய சங்கர் கோபக்காரன். கையில் வாள் இருந்தால் கணக்குப் பார்க்கமாட்டான். கூடவே தங்கை தங்காள். சில வழக்குகளில் அவள் பெயர் அருக்காணி. தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து வந்த துணைவன் சாம்புவனும் எப்போதும் அருகில் இருக்கிறான்.

பிறகு வருவது, எந்த வளரிளம் பருவக் கதையிலும் பொருந்தக்கூடிய சிறிய ஆசை. தங்காள் தனக்கு ஒரு சோடிக் கிளி வேண்டும் என்கிறாள். கிளி இருப்பது வேட்டுவர் காட்டில். தங்கை கேட்டுவிட்டாள் என்பதற்காக அண்ணன்மார் புறப்படுகிறார்கள். அந்தக் கிளியிலிருந்து பகை மூள்கிறது. வேட்டுவர் வளர்க்கும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி வயல்களை உழுதுபோட்டு அழிக்கிறது. அதைக் கொல்லப் போகும் சங்கரால் அதைக் கொல்ல முடியவில்லை. காரணம் அவர்களிடம் இருந்த சிறிய பெட்டை நாய் பொன்னாச்சி. வேட்டைக்குப் புறப்படும்போது எல்லா நாயையும் கூட்டிக்கொண்டு, அதை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அது மனம் நொந்து சாபமிடுகிறது. வேட்டைப் படை நோயில் விழுகிறது. பிழை உணர்ந்து அதை அழைத்து வந்தபிறகுதான், அந்தச் சின்ன நாய் பன்றியின் பின்னால் பாய்ந்து கடித்து, அதன் வலுவைக் குலைக்கிறது. அதன்பின்னர்தான் சங்கரின் ஈட்டி ஏறுகிறது.

இந்த நாய் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஸ்மால்விலில் வீரனை வீழ்த்துவது வெளியிலிருந்து வந்த ஒரு கல். அண்ணன்மார் கதையில் வீரனை வீழ்த்துவது, அவன் கவனியாமல் விட்ட ஒரு சிறு உயிரின் மனவருத்தம். கல்லை ஈயப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம். அவமதிப்பைப் பூட்டி வைக்க முடியாது. போய் மன்னிப்புக் கேட்டு அழைத்துவர வேண்டும். துரையும் பெரிய கணக்கப்பிள்ளையும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத மக்கள், பொன்னாச்சி வரும் இடத்தில் எந்தப் பக்கம் நின்று கதையைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பன்றி செத்தபின் போர். போரின் முடிவில், கதையின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட காலம் நிறைகிறது. மாயவராகிய திருமால் எய்த அம்பு சங்கரின் மார்பைத் தொடுகிறது. அது அவனைக் கொல்வதில்லை. நேரமாகிவிட்டது என்று அறிவிக்கிறது. சங்கர் அதைப் புரிந்துகொண்டு வன்னி மரத்தடியில் தன் வாளின்மேல் தானே சாய்கிறான். தம்பியைக் கண்ட பொன்னரும் அப்படியே செய்கிறான். வேறொருவன் கையால் அவர்கள் மடிவதில்லை என்பதைக் கதை அழுத்திச் சொல்கிறது.

இங்கேதான் கூத்து படுகளம் ஆகிறது. ஆடுகிறவர்கள் விழுந்து கிடக்கும் களம் அது. கொங்கு நாட்டில் இது கோயில் சடங்கு. அண்ணன்மாரின் அருள் வந்து பக்தர்களே பிணம்போல் விழுந்து கிடப்பார்கள். தோட்டத்துப் பொட்டலிலும் கதை இந்தக் கட்டத்துக்கு வந்ததும் கூத்துக்கும் சடங்குக்கும் இடையிலிருந்த கோடு அழிந்துவிடும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். உடுக்கு வேகமெடுக்கும். தங்காள் அண்ணன்மாரைத் தேடிக் காடெல்லாம் அலைந்து, களத்தில் வந்து விழுந்து அழுவாள். பிறகு தெய்வங்களிடம் பெற்று வந்த தீர்த்தத்தைத் தெளித்து அவர்களை எழுப்புவாள். அண்ணன்மார் எழுகிறார்கள். தங்கையோடு பேசுகிறார்கள். பேசி முடித்ததும், எங்கள் காலம் முடிந்தது என்று மறுபடியும் சாய்கிறார்கள்.

இறந்தவர் எழுந்து வரும் கதை உலகமெங்கும் உண்டு. எழுந்தவர் சிறிது நேரம் பேசிவிட்டுத் திரும்பப் போய்விடும் கதை அபூர்வம். சாவை வெல்வது அந்தப் பெண்ணின் நோக்கமாகத் தெரியவில்லை. சொல்லாமல் போன பேச்சைச் சொல்ல ஓர் இடம் கேட்கிறாள், அது கிடைக்கிறது. தோட்டத்தில் ஒப்பாரி பாடுவது பெண்களின் கலை. கூத்தில் தங்காளாக ஆடியது ஆணே ஆனாலும், அந்த அழுகையின் மெட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தது லயத்து வாசலில் இழவுக்குக் கூடிய பெண்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. கதையின் பெயர் அண்ணன்மாருடையது. அதன் கடைசி இரவு முழுக்கத் தங்கையுடையது.

இந்தக் கதை அந்த மக்களிடம் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது? கொங்கு நாட்டில் இது நிலமுடைய வேளாளக் கவுண்டர்களின் குலக்கதை; வேட்டுவரை எதிரியாக நிறுத்தும் கதை. நிலமில்லாமல் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வயலும் கோட்டையும் வைத்திருக்கும் நாயகர்களோடு அவர்களுக்கு என்ன உறவு? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சாதிப் பெருமை பேசும் கதையாக அது மலையேறியிருந்தால் அங்கே நிலைத்திருக்காது. கதையின் சுமை நிலத்திலிருந்து வயதுக்கு இடம் மாறியதால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் யாருக்கும் நிலம் இல்லை. இளமை பாதியில் அறுபடுவது எல்லா வீட்டிலும் நடந்தது.

இந்த அறுபடுதலுக்குச் சட்டப் புத்தகமே சாட்சி. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதை அது தடுத்தது. அப்படியென்றால் பத்து முடிந்த பிள்ளையை எடுக்கலாம். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்கூலி இப்படி நிர்ணயமாயிற்று: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளை என்பது கூலிப் பட்டியலில் ஒரு வகை! செக்ரோல் என்ற தோட்டத்துப் பேரேட்டில் பேர் பதிந்த நாளோடு விளையாட்டு முடிந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் என்பது பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அந்தப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஊவாகட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்து எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப்பின் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த வாழ்க்கை பழக்கமானது. 1974இல் வெளிவந்த 'காலங்கள் சாவதில்லை' நாவலும் அந்த லயத்து உலகத்திலிருந்தே எழுந்தது.

வளரிளம் பருவம் என்று இன்று நாம் சொல்லும் காலம், பள்ளிக்கூடம் உண்டாக்கிய காலம். பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவே, உழைக்க வேண்டிய கட்டாயமில்லாமல், யாராகப் போகிறோம் என்று குழம்பித் திரிய ஒரு சமூகம் பிள்ளைக்குக் கொடுக்கும் இடைவெளி அது. ஸ்மால்வில் போன்ற தொடர் அந்த இடைவெளிக்குள்தான் உயிர்வாழ்கிறது: மாணவர் பெட்டகங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை, பள்ளிச் செய்தித்தாள், காப்பிக் கடையில் பேச்சு, சொல்லத் தயங்கும் காதல். அதன் முதல் பருவங்கள் அப்படி ஓடுகின்றன. அந்த இடைவெளியே கிடைக்காத பிள்ளைகளைப் பற்றிய கதைக்கு வேறு வடிவம் தேவைப்பட்டது. பதினாறு ஆண்டுகளே முழு வாழ்க்கை, அதற்குள்ளேயே அன்பும் பகையும் வேட்டையும் சாவும் நடந்து முடிந்துவிட வேண்டும் என்று சொல்லும் கதை அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது.

பிற்காலத்தில் இந்தக் கூத்து மெலிந்தது. அதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்களில் உடுக்கடிக்கிறவர் இருந்தார், சங்கர் வேடம் கட்டுகிறவர் இருந்தார், கொப்பி வைத்திருந்த வாத்தியாரும் இருந்திருப்பார். ஒரு தோட்டத்துக் கூத்துக் குழுவில் நாலு குடும்பம் போனால் கதையில் நாலு பாத்திரம் இல்லாமல் போகும். அதன்பிறகு 1977, 1981, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள். இரவில் பொட்டலில் கூடி உட்காரவே அஞ்சிய காலத்தில் விடிய விடிய ஆடுவது எப்படி?

தொலைக்காட்சி அந்த வெற்றிடத்துக்குள்தான் நுழைந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. மின்சாரம் எட்டாத இடங்களில் கார் பற்றரியில் டிவி ஓடியது. ஒரு வீட்டுக்குப் பெட்டி வந்தால் லயமே அதன் முன்னால் உட்கார்ந்தது. பிறகு தமிழுக்கென்று சக்தி, வசந்தம் என அலைவரிசைகள் வந்தன. தமிழ்நாட்டுத் தொடர்கள் வந்தன. பாகவதமும் பாரதமும் வாரவாரம் வந்தன. வெண்ணெய் திருடும் கண்ணனைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. இவ்வளவு கதை வந்தும், மலையகப் பிள்ளை ஒருவன் நாயகனாக வரும் தொடர் வரவில்லை. வி.பி. கணேசன் தயாரித்து நடிக்க, தெளிவத்தை ஜோசப் கதை வசனம் எழுதி 1975இல் வந்த 'புதிய காற்று' திரைப்படம் தோட்ட வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தடத்தில் தொடர்ந்து நடந்தவர்கள் மிகச் சிலர்.

அண்ணன்மார் கதை திரைக்கு வராமல் இல்லை. சக்திக்கனல் பதிப்பித்த நூல் அதைப் படிக்கக் கிடைக்கச் செய்தது. மு. கருணாநிதி அதை 'பொன்னர் சங்கர்' நாவலாக எழுதினார். அதைத் தழுவி 2011 ஏப்ரலில் தியாகராஜன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடமேற்ற படம் வெளியானது. ஸ்மால்வில் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு. படம் பிரமாண்டத்தில் கவனம் வைத்தது. அதில் வரும் பொன்னரும் சங்கரும் நன்றாக வளர்ந்த ஆண்கள். பதினாறு வயதின் தவிப்பு எங்கும் இல்லை. கதையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை அந்தப் படம் தவறவிட்டது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் செய்த வேலை இன்னும் கவனிக்கத்தக்கது. 1960களின் நடுவில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கியிருந்தபோது, கதைப்பாடகர்கள் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவில் பதிவுசெய்தார். 1982இல் அதைப் பற்றி ஆய்வுநூல் எழுதினார்; பின்னர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாக வெளியிட்டார். அதோடு நிற்காமல், ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்ற ஓவியரோடு சேர்ந்து கதை முழுவதையும் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராக்கினார். தலைப்பு 'பொன்னிவள நாட்டின் கதை' என்று பொருள்படுவது. பாட்டன் காலத்திலிருந்து தொடங்கி மூன்று தலைமுறையை நிதானமாகச் சொல்வதால், பிள்ளைகள் பிறக்கும்போதே அவர்கள் ஆயுள் எவ்வளவு என்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. தொடர் என்ற வடிவம் இந்தக் கதைக்குப் பொருந்தும் என்பதற்கு இது நல்ல சான்று. வெட்டி ஒட்டிய உருவங்கள்போல் அசையும் அந்தப் பாத்திரங்களில், கோடி கோடியாகச் செலவழித்த படத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது.

ஆனாலும் அது காவிரிக்கரையில் கேட்ட கதை. மலைக்கு வந்து உடைந்து, மாறி, மலையகத் தமிழ் பேசிய கதை இன்னும் திரைக்கு வரவில்லை. ஊவாவில் யாராவது அதை எடுக்க முனைந்தால், ஸ்மால்விலிடமிருந்து ஒரு நல்ல பாடம் கற்கலாம்: வீரத்தைக் காட்டுவதைத் தள்ளிப்போட்டு, வீட்டுக்குள்ளேயே நெடுநேரம் இருப்பது. கிளி கேட்கும் தங்கைக்கு ஒரு பகுதி முழுக்கக் கொடுக்கலாம். பொன்னாச்சிக்கு இன்னொன்று. கற்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது: எல்லாவற்றையும் வரப்போகும் நாளுக்கு ஒத்திவைப்பது. பதினாறாவது வயதில் கதை முடியவே வேண்டும். அதை நீட்டி இருநூறு பகுதி ஓட்டினால் கதை செத்துவிடும். படுகளம் திரையில் வரும்போது அது ஒரு தோட்டத்துப் பொட்டலில், அங்குள்ளவர்களே கூடிநிற்க, உண்மையான உடுக்கோடு எடுக்கப்பட வேண்டும். கணினியில் செய்த காடு அதைத் தாங்காது.

இந்த வயதின் கணக்கு இன்றைக்கும் மாறிவிடவில்லை. தோட்டத்துப் பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு உட்காருவது பதினாறை ஒட்டித்தான். அதற்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் அம்மாவின் பெயர் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக்குக் கடைவேலைக்கும் வீட்டுவேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் எத்தனையோ பேர். பரீட்சை வரைகூட இராமல் போகிறவர்களும் உண்டு. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக இலங்கை உயர்த்தியது 2021இல்தான். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் 32 சதத்துக்குப் பேர் பதிந்த பிள்ளைக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையில் தொண்ணூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையில் 2005இல் உருவானது. பக்கத்து மலைகளில் உடுக்கடிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டை முழுதாக ஒலியிலும் ஒளியிலும் பதிந்து, கொப்பிகளைப் படியெடுத்து, எந்தத் தோட்டத்தில் எந்த வழக்கு ஆடப்பட்டது என்று குறித்து வைக்கும் வேலையை எந்த நிறுவனம் செய்தாலும் நல்லது. தொடர் எடுப்பவர்களுக்குக் கதை அப்போது கையில் இருக்கும். முதலில் பதிய வேண்டியது தங்காள் அழும் பகுதி. அதைப் பாடத் தெரிந்தவர்கள் தாம் மிகக் குறைவாக இருக்கிறார்கள்.